மூடப்பட்ட குழியின் ஆறாம் படை

ஒக்டோபர் 14, செவ்வாய்

வெயில். காற்று இல்லை.

என் குழியை மூடிவிட்டார்கள்.

இதை முதலில் எழுதிவைக்க வேண்டும். மற்றதெல்லாம் பிறகு. நீளம் ஒன்றரை மீற்றர், அகலம் ஒரு மீற்றர், ஆழம் 125 செ.மீ. என் கையால் வெட்டியது. மண்ணின் ஆறு படைகளில், அதாவது அடுக்குகளில், ஐந்தை எழுதி முடித்தாயிற்று. ஆறாவதற்கு நிறம் பார்க்கவில்லை, விரலில் உருட்டிப் பார்க்கவில்லை. காலை பத்து மணிக்குக் கண் டாக்குத்தரிடம் போனேன். பன்னிரண்டரைக்கு வந்தால் குழி இல்லை. உடைந்த தரைக்கல், சீமெந்துக் கட்டி, ஒரு பழைய கக்கூஸ் கொமட், அதற்குமேல் மண். என்னுடைய மண். ஒன்றாம் படையும் நாலாம் படையும் ஒன்றாகக் கலந்து கிடக்கிறது. பார்க்கச் சகிக்கவில்லை.

செய்வித்தவர்: எங்கள் மாடிக்கட்டடத்தின் செயலாளர் யோகநாதன், மூன்றாம் மாடி, ஓய்வுபெற்ற வங்கி மனேச்சர். முழுப்பெயர் எழுத மை வீண். இனி யோ.

செய்தவன்: சுனில் பாஸ். மேசன். கூலிக்குச் செய்தவன்மேல் கோபமில்லை. கொமட்டை மட்டும் மன்னிக்க மாட்டேன்.

அனுமதி கேட்டார்களா? மனைவி பாக்கியத்தைக் கேட்டார்களாம். “அவர் இல்லை” என்றாளாம். அதையே அனுமதி என்று எடுத்துக்கொண்டார்கள்.

கீழ்வாசல் பலகையில் ஒட்டியிருப்பது, எழுத்துக்கு எழுத்து:

“அறிவித்தல். பின்வளவில் ஒருவரால் வெட்டப்பட்ட குழியில் நான்கு நாட்களாகத் தண்ணீர் வற்றாமல் தேங்கி நின்றதாலும், அதில் நுளம்புக் குடம்பிகள் நெளிந்ததாலும், டெங்கு அபாயம் கருதி அது இன்று மூடப்பட்டது. செயலாளர்.”

ஒருவரால்! இருபத்திரண்டு வருடம் கீழ்த்தளத்தில் இருக்கிறேன். வெள்ளவத்தையில் இந்த ஒழுங்கைக்குள் இடியப்பம் கொண்டுவருகிற பெண்ணுக்குக்கூடத் தெரியும், அது சின்னராசாவின் குழி என்று. ஒருவராம்.

மதியம் சாப்பிடவில்லை. பிறகு சாப்பிட்டேன். கத்தரிக்காய்.

ஒக்டோபர் 15, புதன்

விடிய மழை. அரை மணித்தியாலம்தான். அதற்கே குசினிக்குள் ஒரு விரற்கடை தண்ணீர். காஸ் சிலிண்டர் செங்கல்மேல், அரிசி வாளி ஸ்டூல்மேல், பாக்கியம் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தும்புத்தடியோடு.

கோபத்தில் நேற்று காரணத்தை எழுதவில்லை. ஒழுங்காக எழுதுகிறேன்.

பதினாறு வீட்டுக் கூரைத் தண்ணீரும் எங்கள் குசினிச் சுவருக்குப் பின்னால்தான் வந்து விழுகிறது. அதை இறக்க உறிஞ்சுகுழி கட்டுவதாக மாடிக்கட்டடக் குழுவில் தீர்மானம். எங்கே? அதே குசினிச் சுவரிலிருந்து மூன்று அடியில். ஏன் அங்கே? “வெள்ளவத்தை முழுக்க மணல்தானே அண்ணை, ஊத்த ஊத்தக் குடிக்கும்” என்றார் யோ. சுனில் பாஸும் தலையாட்டினான். “ஒக்கோம வெலி, அங்கிள். நான் அலவாங்கு போட்டுப் பாத்தது. சர்ரெண்டு போகுது.” எல்லாம் மணலாம். அலவாங்கை, அந்த இரும்புக் கம்பியை, எவ்வளவு இறக்கினாய் என்று கேட்டேன். முழங்காலைக் காட்டினான்.

இரண்டு அடி! இரண்டு அடியில் எவன் மண்ணைக் கண்டான்?

நான் படித்தவன் இல்லை. மண் அளவை செய்கிற அரசாங்கப் பிரிவில் ஜீப் ஓட்டினவன். உத்தியோகத்தர் சேவியர் சேருக்கு வயிறு பெரிது. குழிக்குள் இறங்கினால் ஏற்றுவது கஷ்டம். அதனால் நான் இறங்கினேன். முகப்பைக் கத்தியால் மேலிருந்து கீழாகச் சுரண்டுவது, வெயில் முதுகில் படும்படி நின்று ஈரமண்ணின் நிறம் பார்ப்பது, துப்பலால் நனைத்து விரலில் திரி உருட்டுவது, எல்லாம் குழிக்குள் நின்றே பழகியது. நான் கீழே நின்று சொல்லுவேன், சேர் மேலே கதிரையில் இருந்து எழுதுவார். முப்பது வருடத்தாள்கள். ஒவ்வொன்றிலும் “விவரித்தவர்” என்ற கட்டம். ஒன்றிலும் என் பெயர் இல்லை.

போகட்டும். அவர்கள் கட்டப் போகிற அதே இடத்தில் நான் வெட்டிய குழியில் கண்டது:

1. 0–34 செ.மீ. கருங்கபில நிறம். மெத்தென்றது. கறிவேப்பிலை வேர் நிறைய.
2. 34–41. செங்கல் தூள், சீமெந்து, ஒரு சோடா மூடி. கட்டடம் கட்டியவர்களின் படை.
3. 41–70. மஞ்சள் மணல். உருண்டை பிடிக்காது. சுனில் பாஸின் அலவாங்கு கண்டது இதுதான்.
4. 70–98. மணல், துருப்புள்ளிகளோடு. வருடத்தில் சில மாதம் இங்கே தண்ணீர் நிற்கிறது என்று அர்த்தம்.
5. 98–112. சாம்பல் நிறம். மணலும் களிமண்ணும். திரி உருளும், மோதிரமாக வளைத்தால் உடையும். முழுக்களி என்றால் உடையாது.
6. 112க்குக் கீழ்.

ஆறாவதுதான் உயிர்நாடி. அது களி என்று எனக்குத் தெரியும். குதிக்கால் சொன்னது. ஆனால் குதிக்கால் சொன்னதைத் தாளில் எழுத முடியாது. வெள்ளிக்கிழமை மழைக்குப் பிறகு குழிக்குள் தண்ணீர்; காலையில் வாளியால் இறைத்தால் பின்னேரம் மறுபடி. இறைத்து இறைத்து நாலு நாள். அதற்குள் மூடிவிட்டார்கள்.

களிக்கு மேல் உறிஞ்சுகுழி கட்டினால் அது உறிஞ்சாது. பதினாறு கூரைத் தண்ணீரும் எங்கள் குசினிக்குத்தான் வரும். திங்கட்கிழமை வேலை தொடங்குகிறார்கள்.

மகள் சுமதி கல்கிசையிலிருந்து ரெலிபோன். “அப்பா, திங்கட்கிழமை அவங்கள் வெட்டத் தொடங்கினா நான் வந்து உங்கள் ரெண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வந்திடுவன். அம்மா அந்தத் தண்ணிக்குள்ள வழுக்கி விழுந்தா ஆர் பாக்கிறது?” அவளுடைய வீடு பத்தாம் மாடி. அங்கே மண்ணே இல்லை. பூச்சட்டியில் தேங்காய்த் தும்பு போட்டிருக்கிறாள்.

பின்னேரம் தாளைப் பாக்கியத்துக்கு வாசித்துக் காட்டினேன். கடற்கரை மணலில் முப்பத்திநாலு செ.மீ. கரும்படை கிடைப்பது அபூர்வம், இயற்கையின் அதிசயம் என்றேன்.

“என்ன இயற்கை? அது நான் கொட்டின தேயிலைச் சக்கை” என்றாள். “இருபத்திரண்டு வருசமா. முட்டைக்கோது, மீன் கழுவின தண்ணி, உங்கடை பழைய பேப்பருந்தான்.”

திருத்தவில்லை. எப்படி வந்தாலும் படை படைதான். ஓரத்தில் மட்டும் சிறிய எழுத்தில்: “பாக்கியத்தால்.”

யோ.வைப் படிக்கட்டில் மறித்தேன். தாளைக் கண்ணாடி போட்டு வாசித்தார். “ஆறாவது வெறுமையாக் கிடக்கு, அண்ணை.”

“நீர்தானே மூடினீர்!”

“மற்றது, தகுதியுள்ள ஆள் ஒருத்தற்றை கையெழுத்தும் வேணும். நீங்கள் குறை நினைக்கக்கூடாது. இது ட்ரைவர்மார் சொல்லுற விசயமில்லை.”

குறை நினைத்தேன்.

ஒக்டோபர் 16, வியாழன்

மேகம். மழை இல்லை.

கொட்டாஞ்சேனைக்குப் போனேன். சேவியர் சேரிடம் போவதில்லை என்று ஓய்வுபெற்ற அன்று எடுத்த முடிவு. குசினிக்காக முறித்தேன்.

சேருக்கு எண்பத்திநாலு. வயிறு போய்விட்டது, ஆளும் பாதி. சாய்மனைக் கதிரையில் பனியனோடு.

“சின்னராசா! நீ இன்னும் போய்ச் சேரல்லையா?”

“இல்லை சேர். வரிசையிலை நீங்கள் முன்னுக்கு நிக்கிறீங்கள்.”

நன்றாகச் சிரித்தார். தேத்தண்ணீர் வந்தது. சீனி அதிகம். தாளை வாங்கி வாசித்தார். கண் இன்னும் கூர்மை. “துருப்புள்ளி எழுபதிலயா? அப்ப கீழ களிதான். சந்தேகமே இல்ல. எத்தின குழி இறங்கியிருப்பம் நாம, என்ன?”

நாம!

தாளின் அடியில் “பார்வையிட்டவர்” என்று அவருக்காகவே ஒரு கட்டம் போட்டுக் கொண்டுபோயிருந்தேன். பேனையைக் கொடுத்தேன். மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்து, நாக்கை ஓரமாகக் கடித்து, முழுக் கையெழுத்தும் போட்டார். நேராக “விவரித்தவர்” கட்டத்துக்குள்.

முப்பது வருடம் இந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு ஜீப்பை எடுக்கப் போனவன் நான். இன்றைக்கு எடுக்க ஜீப் இல்லை.

“சேர், அது என்ரை கட்டம்.”

தாளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். “எப்பவும் இதுலதானே போடுறனான்?”

“ஓம் சேர். எப்பவும் அதிலைதான் போட்டனீங்கள்.”

வெளியே மீன்காரன் கூவிக்கொண்டு போனான். பிறகு சேர் தாளை மடித்து என் கையில் தந்தார். “வேற தாள் எழுதிக் கொண்டா. நீ விரல் வைக்கிற இடத்துல போடுறன்.” அப்புறம், “பின்னால ஓகர் கிடக்கு. எடுத்துக்கொண்டு போ.”

ஓகர்! கைப்பிடி வைத்த நீள இரும்புத் திருகு. திருகி இறக்கி இழுத்தால் அடிமண் அப்படியே மேலே வரும். அரசாங்கச் சொத்து, எப்படி இவர் வீட்டுக்கு வந்தது என்று கேட்கவில்லை. அதை உடுப்புக் காயப்போடும் கயிற்றுக்கு முண்டு கொடுத்திருந்தார்கள். நான் எடுத்ததும் நாலு பனியனும் ஒரு சாரமும் நிலத்தில்.

பஸ்ஸில் கொண்டக்டர்: “அங்கிள், மேக்க மொகத?” இது என்னவாம். மண் பார்க்கிற சாமான் என்றேன். பக்கத்துச் சீற்றில் இருந்த பெண் தன் பையை மடிக்கு எடுத்துக்கொண்டாள்.

ஒக்டோபர் 17, வெள்ளி

நல்ல வெயில். முழங்கால் வலி. காரணம் கீழே.

பின்வளவில் கட்டாதே என்று மட்டும் சொன்னால் போதாது, எங்கே கட்டுவது என்று சொல்ல வேண்டும். முன்பக்கம் கேற்றடியில் மணல் ஆழம் என்பது என் எண்ணம். கேற்றடி என்றால் யோ.வின் கார் நிற்கிற இடம். குழுத் தீர்மானம் ஏன் பின்வளவுக்குப் போனது என்பது இதிலிருந்து விளங்கும்.

வெள்ளிக்கிழமைகளில் யோ. காரில் கோயிலுக்குப் போவார். பதினொன்றரைக்குப் போனால் பன்னிரண்டரைக்கு வருவார். ஒரு மணித்தியாலம்.

ஒழுங்கை முனையில் பாக்கியத்தை நிறுத்தினேன். கார் தெரிந்தால் இரண்டு தரம் இரும வேண்டும். நான் பிளாஸ்ரிக் கதிரை, ஓகர், பேப்பர், நாடாவோடு. இருபது செ.மீ.க்கு ஒருதரம் இழுத்துப் பேப்பரில் வரிசையாக வைத்தேன். நாற்பது, மணல். எண்பது, மணல். நூற்றிருபது, மஞ்சள் மணல், ஒரு துருப்புள்ளி இல்லை. நூற்றி எண்பது, அதே மணல், பொலபொலவென்று. என்ன அழகு! இதற்குள் ஒரு வாய்க்காலையே திருப்பிவிடலாம்.

இன்னொரு இருபது என்று இறக்கினேன். ஓகர் இறுகிவிட்டது. அந்த நேரம் பார்த்துக் கேற்றில் ஹோர்ண்.

பாக்கியம் இருமவில்லை. இடியப்பப் பெண்ணோடு மருமகள் கதை கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறாள்.

கதிரையை இழுத்துத் துளையை ஒட்டிப் போட்டு இருந்துவிட்டேன். ஓகரின் கைப்பிடி இரண்டு முழங்காலுக்கும் நடுவில். அதன்மேல் இரண்டு கையையும் வைத்தேன். மண் வைத்த பேப்பரைக் காலால் கதிரைக்குக் கீழே தள்ளினேன்.

யோ. நெற்றியில் திருநீறோடு இறங்கி வந்தார். “என்னண்ணை இஞ்சை இருக்கிறீங்கள்? என்ன அது கையிலை?”

“கைத்தடி.”

“எப்ப தொடக்கம்?”

“இண்டைக்குத்தான்.”

“ஒருக்கா எழும்புறீங்களோ, காரை விட?”

“முழங்கால் பிடிச்சிட்டுது, தம்பி. கொஞ்சம் பொறும்.”

நாற்பது நிமிடம் பொறுத்தார். கார் ஒழுங்கைக்குக் குறுக்கே. பின்னால் மூன்று ஓட்டோ, ஒரு தண்ணீர்ப் போத்தல் லொறி. எல்லாரும் ஹோர்ண். நான் கோயில் கோபுர வேலை எந்த மட்டில் என்று யோ.விடம் விசாரித்தேன். அவர் மணிக்கூட்டைப் பார்த்தார்.

ஜும்ஆத் தொழுகை முடிந்து ரிஸ்வி ஹாஜியார் வந்தார். முதலாம் மாடி, இரும்புக்கடை முதலாளி, குழுவின் தலைவர். போன கிழமை நான் பின்வளவில் வெட்டும்போது பல்கனியிலிருந்து “என்ன நானா, எனக்குக் கபுருக் குழிக்கு அளவெடுக்கிறீங்களா?” என்று கேட்ட ஆள். நானா என்றால் அவர் பேச்சில் அண்ணன். இன்றைக்குக் குனிந்து பார்த்தார்.

“நானா, ஒங்கட கைத்தடி நெலத்துக்குள்ள மொளச்சீக்குதே.”

வெள்ளைச் சட்டையோடு அவரும் ஒரு பக்கம் பிடித்தார். இழுத்தோம். வந்த மண்ணைக் கையில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தார். இரும்புக்கடையில் மணலும் விற்பவர். “நல்ல மணல்” என்றார். யோ.வைப் பார்த்து இன்னொருதரம், “சோக்கான மணல்.”

யோ. காரை விட்டுவிட்டுச் சொன்னார்: “முன்பக்கம் மணல் எண்டா பின்பக்கமும் மணல்தானே. அண்ணையே நிரூபிச்சிட்டார்.”

இந்த மனிதன் எப்படி ஒரு வங்கியை நடத்தினார்?

ஒக்டோபர் 18, சனி

இரவு முழுக்க மழை பெய்திருக்கிறது. காலையில் குசினிக்குள் செருப்பு மிதந்தது. என்னுடைய இடது.

பாக்கியம் தேத்தண்ணீர் வைக்கப் போய் வழுக்கிவிட்டாள். விழவில்லை, தொட்டியைப் பிடித்துக்கொண்டாள். மணிக்கட்டில் சுளுக்கு. சித்தாலேபம் பூசினேன். “சுமதிக்குச் சொல்லிப் போடாதேங்கோ” என்றாள். அதற்குப் பிறகு கொஞ்சம் பொறுத்து, “பத்தாம் மாடியிலை நான் தேயிலைச் சக்கையை எங்கை கொட்டுறது?” என்றாள்.

நாளைக்குப் பின்னேரம் குழுக் கூட்டம். கையில் இருப்பது: ஐந்து படை. இல்லாதது: ஆறாவது, சேரின் கையெழுத்து. மழைக்குள் மறுபடி வெட்ட முடியாது. ஓகர் இறக்கிப் பார்த்தேன். ஐந்து இடத்திலும் கொமட்டில் டங் என்று இடித்தது. ஒரு கொமட் எப்படி ஐந்து இடத்தில் இருக்கும் என்று விளங்கவில்லை.

புதுத்தாள் எழுதினேன். எழுதும்போது அறிவித்தலைப் பற்றித்தான் பாக்கியத்திடம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருவரால் என்று போட்டது எவ்வளவு பெரிய அவமரியாதை, ஒரு நாளைக்கு நாலு தரம் அதை வாசிக்கிறேன், ஒவ்வொரு தரமும் இரத்தம் கொதிக்கிறது.

“நாலு தரம் வாசிச்சனீங்கள். முழுக்க வாசிச்சனீங்களோ?” என்றாள்.

“ஏன்?”

“தண்ணி வத்தாமல் நாலு நாள் நிண்டது எண்டு அவரே எழுதிக் கையெழுத்துப் போட்டு ஒட்டியிருக்கிறார். நுளம்புக்குஞ்சும் நெளிஞ்சதாம். உங்கடை ஆறாம் படையைப் பற்றி வேறை என்ன எழுதவேணும்?”

உள்ளங்கையில் சித்தாலேபம் மணக்க பேனையைக் கீழே வைத்தேன்.

தண்ணீர் இறங்கினால் நுளம்பு ஏது? நுளம்பு வளர்ந்தது என்றால் தண்ணீர் இறங்கவில்லை. இறங்கவில்லை என்றால் களி. ஆறாம் படையை யோ. எழுதிவிட்டார். டைப் அடித்து, சீலும் குத்தி.

எனக்கும் அது தெரிந்துதான் இருந்தது என்று சொன்னேன். பாக்கியம் சுளுக்கில்லாத கையால் வெங்காயம் உரித்தாள்.

அறிவித்தலைப் படம் எடுத்துவிட்டேன். இரண்டு தரம். ஒன்றில் என் பெருவிரல்.

ஒக்டோபர் 19, ஞாயிறு

மப்பு மந்தாரம். பின்னேரம் தூறல்.

கூட்டம் ஹாஜியார் வீட்டில். பதினொரு வீட்டார் வந்தார்கள். தின்னத் தந்த பற்றீஸ் நன்றாக இருந்தது. சுனில் பாஸையும் கூப்பிட்டிருந்தார்கள், நாளைக்கு எத்தனை மணிக்குத் தொடங்குவது என்று சொல்ல.

எழும்பினேன். ஒரேயொரு கேள்வி என்றேன்.

“தம்பி யோகநாதன், அந்த அறிவித்தல் உண்மையோ, பொய்யோ?”

“எந்த அறிவித்தல்?”

வாசித்தேன். “ஒருவரால்” வந்த இடத்தில் நிறுத்தி எல்லாரையும் ஒருமுறை பார்த்தேன். பிறகு தொடர்ந்தேன்.

“உண்மை எண்டால், நாலு நாள் தண்ணி இறங்காத இடத்திலை உறிஞ்சுகுழி கட்டப் போறியள். பொய் எண்டால், பொய் சொல்லி என்ரை குழியை மூடினீர். எது?”

“அது... டெங்குக்காகப் போட்டது, அண்ணை.”

“டெங்கு நுளம்பு மணலிலை முட்டை இடுமோ?”

நாலாம் மாடி ரீச்சர் சிரித்துவிட்டா. யோ. சுனில் பாஸைப் பார்த்தார். “பாஸ், நீர்தானே சொன்னனீர் மணல் எண்டு.”

சுனில் பாஸ் பற்றீஸை விழுங்கினான். “மேல மணல் தானே, மாத்தயா. கீழ நான் தெரியாது. ஆனா மூடக்குள்ள தண்ணி இருந்தது. அந்தக் கொமட் போட்டது தானே? தண்ணி மேல பாஞ்சு என்ட சாரம் எல்லாம் நனைஞ்சது. ஊத்தத் தண்ணி. வீட்டுல என்ட நோனா ஏசினது.”

கொமட்டை மன்னித்துவிட்டேன்.

ஹாஜியார் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார். “செயலாளர் எழுத்துல தந்தீக்கிறாரு. அதுக்கு மேல என்ன சாட்சி? பின்னுக்கு வாணாம். முன்னுக்குக் கட்டுவோம். அந்த மணல நானும் கையில எடுத்துப் பாத்தேன்.”

“அப்ப என்ரை கார்?” என்றார் யோ.

ஹாஜியார் பற்றீஸ் தட்டை அவர் பக்கம் தள்ளினார்.

யோ. விடவில்லை. முன்பக்கம் கட்டுவதென்றால் ஆறு படையும் நிரப்பி, தகுதியுள்ளவரின் கையெழுத்தோடு தாள் ஃபைலுக்கு வர வேண்டுமாம். சரி என்றேன். எனக்கும் அதுதான் வேண்டும். ஒரு தாள், ஒழுங்காக.

படியிறங்கும்போது யோ. மெதுவாக: “அந்த எழுத்தை நீங்களே கண்டுபிடிச்சனீங்களோ, அண்ணை?”

“ஓம்” என்றேன்.

வீட்டுக்கு வந்து பாக்கியத்துக்கு எல்லாம் சொன்னேன். இந்தக் கடைசி வரியைத் தவிர.

ஒக்டோபர் 20, திங்கள்

வெயில். குசினி காய்ந்துவிட்டது. நடக்க வேண்டியவை:

சுனில் பாஸ் – இன்று பத்து மணிக்குப் பின்குழியைத் திறக்க வேண்டும். முதலில் கொமட். கிழக்குப் பக்க விளிம்பை மிதிக்கக் கூடாது, அதுதான் முகப்பு. நான் பக்கத்தில் கதிரை போட்டு இருப்பேன்.

நான் – 112க்குக் கீழே நிறம், திரி, மோதிரம். மோதிரம் உடையாது. உடைந்தாலும் உள்ளதை உள்ளபடி எழுத வேண்டும். (உடையாது.) எழுதி முடித்து நானே மூட வேண்டும், படை ஒழுங்கில்: ஆறாவது அடியில், ஒன்றாவது மேலே.

யோ. – நாளை எட்டு மணிக்குள் காரை எடுக்க வேண்டும். எங்கே விடுவது என்பது அவர் பாடு. பலகையில் “ஒருவரால்” என்பதை வெட்டிவிட்டு “திரு. வ. சின்னராசாவால்” என்று போட வேண்டும். பிறகு கழற்றலாம்.

ஹாஜியார் – குழாய், மூடி, சல்லிக்கல். முன்குழி இரண்டு மீற்றருக்குக் குறையக் கூடாது என்று நினைவூட்ட வேண்டும்.

சுமதி – பத்தாம் மாடி அறைப் படங்கள் அனுப்புவதை நிறுத்த வேண்டும்.

சேவியர் சேர் – “பார்வையிட்டவர்” கட்டத்தில் கையெழுத்து. விரல் நான் வைக்க வேண்டும். ஓகரைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். உடுப்பு நிலத்தில் கிடக்கும்.

பாக்கியம் – சுளுக்கு மாறும்வரை வாளி தூக்கக் கூடாது. தேயிலைச் சக்கையை அதே இடத்தில் தொடர்ந்து கொட்ட வேண்டும். மற்றது, “விவரித்தவர்” கட்டத்தில் என் பெயருக்குக் கீழே கையெழுத்துப் போட வேண்டும். எனக்கு என்னத்துக்கு என்பாள். கட்டம் சின்னது. என் பெயரை நெருக்கி எழுதி, பாதியை விட்டிருக்கிறேன்.